கத்திரி வெயில்ல இருந்து மார்கழி பனி வரைக்கும், வேலை இடத்துல அடிபடாம இருக்க நீங்க என்ன பண்றீங்க? கிருஷ்ணகிரி தர்மபுரி ஆளுங்க சொல்லுங்க

கல்பட்டறை சூப்பர்வைசர்:
எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்ல 11 வருசமா சூப்பர்வைசரா இருக்கேன். போன வாரம் நடந்தத சொல்லிட்டு கேள்விக்கு வரேன். ஒடிசால இருந்து ஒரு பையன் புதுசா வந்தான், 22 வயசு, நல்ல உடம்பு. ரயில்ல வந்து இறங்கின மறுநாளே லோடிங்ல போட்டுட்டோம். ஷீட் கூரை, மத்தியானம் ரெண்டு மணி. தலை சுத்துதுன்னு கையால காட்டினான், போய் தண்ணி குடிச்சுட்டு வாப்பான்னு அனுப்பினேன், போனவன் டேப் கிட்டயே உக்காந்துட்டான். கூப்பிட்டா ஏதோ பேசுறான். அவன் பாஷை எனக்கு தெரியாது, அதனால அவன் உளர்றான்னே எனக்கு தெரியல. அவன் ஊர்க்காரப் பையன் ஒருத்தன் ஓடி வந்து "சார், இவன் பேசுறது எனக்கே புரியல"ன்னு சொன்னப்பறம்தான் உறைச்சுது. கட்டருக்கு போற ஹோஸ எடுத்து தலையில இருந்து கால் வரைக்கும் தண்ணி அடிச்சோம், வண்டில போட்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். ரெண்டு நாள் படுத்திருந்தான், இப்ப நல்லா இருக்கான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. இத்தன வருசத்துல எங்க பட்டறைல யாருக்கு எப்ப அடிபட்டுச்சுன்னு ஒரு நோட்டுல ஞாபகம் வந்ததெல்லாம் எழுதினேன். எழுதி முடிச்சு பாத்தா மாசம் கண்ணுல பட்டுச்சு. மயக்கம் எல்லாம் சித்திரை வைகாசி. கண்ணுல தூசி போனது, காத்துக்கு ஸ்லாப் (அறுத்த கல் பலகை) சாஞ்சது எல்லாம் ஆனி ஆடி. ஷாக் அடிச்சது, வழுக்கி விழுந்தது ஐப்பசி கார்த்திகை. விரல் நசுங்கினது பெரும்பாலும் மார்கழி தை, அதுவும் காலையில முதல் ஒரு மணி நேரத்துல. ஆனா எங்க சுவத்துல வருசம் பூரா தொங்குறது ஒரே போர்டு, ஹெல்மெட் போடு ஷூ போடு. ஆபத்து மாசத்துக்கு மாசம் மாறுது, போர்டு மாறவே இல்ல.

அதனால மாசத்துக்கு ஒண்ணா போர்டு எழுதி மாத்தி மாத்தி மாட்டலாம்னு இருக்கேன். உங்க உங்க வேலையில எந்த மாசம் எது ஆளை அடிக்குது, அதுக்கு என்ன பண்றீங்க, சொல்லுங்க. கல்லு வேலை மட்டும் இல்ல, எந்த வேலையா இருந்தாலும் சரி.

அரூர் நர்சம்மா:
தம்பி, நீங்க தண்ணி அடிச்சது சரி, அதுதான் அந்தப் பையன காப்பாத்திருக்கு. நான் ஜிஎச்ல 19 வருசம் இருந்தேன், வெயில்ல விழுந்தவங்கள எத்தனையோ பேர பாத்திருக்கேன், நிறைய பேர் செய்யுற தப்பு ஆளை அப்படியே வண்டில தூக்கிப் போட்டு ஓடுறது. போற அரை மணி நேரம் மூளை சூட்டுல வேகும். முதல்ல குளிர வை, அப்பறம் தூக்கு. நிழல்ல போட்டு சட்டைய கழட்டி உடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறணும், கழுத்து அக்குள் தொடை இடுக்குல ஐஸ் துணி வச்சா நல்லது. 108க்கு ஒருத்தர் போன் பண்ணிட்டே இருக்கணும். நினைவு இல்லாதவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்ல போயிடும்.

உளறுறது, தள்ளாடுறது, சம்பந்தமில்லாம கோவப்படுறது, இதுல ஒண்ணு வந்துட்டா அது சாதாரண மயக்கம் இல்ல, வெப்பவாதம். உடம்பு சூடு 40 டிகிரி செல்சியஸ தாண்டியிருக்கும். வேர்வை நின்னுட்டாத்தான் வெப்பவாதம்னு சிலர் நெனைக்கிறாங்க, அது தப்பு, கடினமா வேலை செய்யுறவங்களுக்கு வேர்த்துக்கிட்டே இருக்கும்போதும் வரும்.

பாஷை தெரியாததால உளறல் தெரியலன்னு எழுதியிருக்கீங்களே, அத படிச்சதும் மனசு கனத்துப் போச்சு. அவங்க பாஷை தெரிஞ்ச ஒருத்தர எப்பவும் கூடவே ஜோடியா போடுங்க. இது செலவே இல்லாத விசயம்.

இன்னொண்ணு, புது ஆள். வெயிலுக்கு உடம்பு பழக ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம் ஆகும். முதல் நாள் முழு வேலைல அஞ்சுல ஒரு பங்கு, அடுத்த நாள் ரெண்டு பங்கு, இப்படி ஏத்திட்டு போகணும். ஊருக்கு போய் பத்து பதினஞ்சு நாள் இருந்துட்டு திரும்பி வர்ற பழைய ஆளுக்கும் இதேதான், அவங்க உடம்பும் பழக்கத்த விட்டுருக்கும்.

காரிமங்கலம் சென்ட்ரிங்:
அக்கா சொல்றது மருத்துவப்படி சரியா இருக்கலாம், ஆனா சைட்ல நடக்காது. நான் சென்ட்ரிங் மேஸ்திரி. ஆள் வந்தா அன்னிக்கே முழு கூலி கேப்பான், முழு கூலி குடுத்தா ஓனர் முழு வேலை கேப்பாரு. அஞ்சுல ஒரு பங்கு வேலைக்கு யாரு கூலி குடுக்குறது, என் பாக்கெட்ல இருந்தா? கான்கிரீட் போடுற நாள்ல பாதில நிறுத்தவும் முடியாது. கத்திரி வெயில் மே 4ல இருந்து 28 வரைக்கும், அந்த 25 நாளும் வீட்ல உக்காந்தா யார் சோறு போடுவா. எங்க அப்பா காலத்துல இருந்து இதே வெயில்தான்.

கல்பட்டறை சூப்பர்வைசர்:
மேஸ்திரிண்ணா, நானும் போன வாரம் வரைக்கும் இப்படித்தான் பேசிட்டு இருந்தேன். அந்தப் பையன் செத்திருந்தா அவங்க அம்மாவுக்கு போன்ல நான் என்ன சொல்லியிருப்பேன்னு யோசிச்சேன், அப்பறம் கணக்கு வேற மாதிரி தெரியுது. புது ஆளுக்கு முழு கூலி குடுத்துட்டு முதல் நாலு நாள் நிழல் வேலை குடுக்கலாம், கம்பி கட்டுறது, ஆணி பிடுங்குறது, சாமான் எண்ணுறது. கூலியும் போகாது, உடம்பும் பழகும்.

காரிமங்கலம் சென்ட்ரிங்:
நிழல் வேலை குடுக்குறது நடக்கும். அத ஒத்துக்கிறேன். நேரத்த மாத்துறதும் நாங்க பண்றோம், காலையில ஆறுக்கு ஆரம்பிச்சு பதினொன்றரைக்கு இறங்கிடுவோம், மறுபடி மூணரைக்கு மேல. ஓனர் வீட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே பேசிட்டா ஒத்துக்குறாங்க.

எங்க வேலைல வெயில விட ஆடிக்காத்துதான் பயம். சென்ட்ரிங் ஷீட் ஒண்ண தலைக்கு மேல தூக்கிட்டு சாரத்துல நடந்தா அது பாய்மரம் மாதிரி ஆள இழுத்துட்டு போயிடும். ஒருத்தர் அப்படித்தான் ரெண்டாவது மாடில இருந்து போனாரு, இடுப்புக்கு கீழ உணர்ச்சி இல்லாம இன்னிக்கும் படுக்கைல இருக்காரு. அதுக்கப்பறம் ஆனி ஆடி ஆவணி மூணு மாசமும் ஷீட்ட கைல தூக்க விடுறதில்ல, கயித்துல கட்டி மேல இழுக்குறோம், காத்து ஓங்கி அடிச்சா இறங்கிடுறோம். சாரத்துல சவுக்கு கட்டைய தினம் காலையில ஏறுறதுக்கு முன்னாடி நான் ஒரு சுத்து தட்டிப் பாப்பேன், கயிறு மழைல நனைஞ்சு வெயில்ல காஞ்சா தளந்துடும், கண்ணுக்கு தெரியாது. பெல்ட்டு குடுத்தா மட்டும் போதாது, மாட்ட இடம் இருக்கணும். அரையடி செவுத்துல நிக்கிறவன் பெல்ட்ட எங்க மாட்டுவான், ஏறுறதுக்கு முன்னாடி கம்பிய கட்டிக் குடுக்கணும்.

மாங்கூழ் தங்கச்சி:
நான் மாம்பழக்கூழ் ஃபேக்டரில சீசன் வேலைக்கு போறவ. மே கடைசில இருந்து ஜூலை வரைக்கும் தான் எங்க வருசமே. பெங்களூரா காய் லோடு லோடா வந்து இறங்கும், ராத்திரி ஷிஃப்ட்லயும் ஓடும். தண்ணி குடிங்க தண்ணி குடிங்கன்னு எல்லாரும் சொல்றீங்க, பொம்பளைங்க ஏன் குடிக்கிறதில்லன்னு யாராவது கேட்டீங்களா. கக்கூஸ் இல்ல, இருந்தா ரொம்ப தூரம், இல்ல தாழ்ப்பாள் இல்ல, இல்ல சூப்பர்வைசர் கிட்ட ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டு போகணும். அதனால காலையில இருந்தே தண்ணி குடிக்க மாட்டோம். வருசா வருசம் நாலஞ்சு பேருக்கு நீர்க்கடுப்பு, எனக்கு கல்லு வந்து ஆபரேசன் ஆச்சு. உங்க போர்டுல தண்ணி குடின்னு எழுதுறதுக்கு முன்னாடி அந்த கதவுக்கு தாழ்ப்பாள் போடுங்கண்ணா.

அடுத்தது தரை. பழத்தோலும் கூழும் சோப்பு மாதிரி வழுக்கும். செருப்போட நிக்கிறோம், கம்பூட் குடுத்தா எல்லாருக்கும் ஒரே சைஸ். எங்க லைன்ல ஒரு அக்கா வழுக்கி கொதி தண்ணி வாளி மேலயே விழுந்தாங்க. மணிக்கு ஒருதரம் தரைய வழிச்சு விட ஒரு ஆள் தனியா போட்டா போதும்.

மெஷின கழுவுற காஸ்டிக் பத்தியும் சொல்லணும். வாளில காஸ்டிக்க போட்டுட்டு மேல தண்ணிய ஊத்தினான் ஒரு பையன், கொதிச்சு மூஞ்சில தெறிச்சுது. தண்ணிலதான் காஸ்டிக்க கொஞ்சம் கொஞ்சமா போடணும், காஸ்டிக் மேல தண்ணி ஊத்தக்கூடாது, அதுவும் கண்ணாடி கையுறை போட்டுக்கிட்டு. அப்ப யாரோ எண்ணெய் தடவலாம்னு ஓடி வந்தாங்க, நல்லவேளை எலக்ட்ரீசியன் அண்ணன் அவன தூக்கிட்டு போய் டேப்புக்கு கீழ தலைய பிடிச்சாரு, இருபது நிமிசம் விடவே இல்ல. கண்ணு தப்பிச்சுது.

கல்பட்டறை சூப்பர்வைசர்:
தங்கச்சி, எங்க யூனிட்ல ஸ்லரி (கல்லு அறுக்கும்போது வர்ற சேறு) அள்ள, பெருக்க ஏழு பொம்பளைங்க இருக்காங்க. நான் இத ஒரு நாளும் கேட்டதே இல்ல. நாளைக்கு கேக்குறேன்.

குவாரி டிரில்லர்:
கல்லு வேலைன்னா எல்லாரும் மேல விழுற கல்லதான் பாப்பாங்க. கண்ணுக்கு தெரியாத தூசி தான் எமன். நான் 16 வருசம் டிரில் அடிச்சேன். வெளிய தெரியுற வெள்ளைத் தூசி மூக்குலயே நின்னுடும், கண்ணுக்கே தெரியாத சன்னத் தூசி தான் நெஞ்சுக்குள்ள அடி வரைக்கும் போய் படியும். அது சிலிகா, அதுல வர்றது சிலிகோசிஸ். வந்துட்டா போகாது, மருந்து இல்ல. டிபி வர்ற வாய்ப்பையும் கூட்டும். எங்க செட்ல ஒருத்தருக்கு டிபின்னு சொல்லியே ரெண்டு தடவ மருந்து குடுத்தாங்க, கடைசில பாத்தா சிலிகோசிஸ். டாக்டர்கிட்ட போனா முதல் வார்த்தையா நான் கல்லுல வேலை செய்யுறேன்னு சொல்லுங்க, நீங்க சொல்லலன்னா அவருக்கு எப்படி தெரியும். சட்டப்படி இது ஃபேக்டரிக்காரங்க அரசாங்கத்துக்கு தெரிவிக்க வேண்டிய நோய், மூடி மறைக்கிற விசயமே இல்ல.

முகத்துல துண்டு கட்டினா இது நிக்காது. என்95 மாஸ்க் வேணும், அதுவும் தாடி இருந்தா ஓரமா உள்ள போகும். ஆனா நெசமா சொல்றேன், சித்திரை வெயில்ல எட்டு மணி நேரம் மாஸ்க் போட யாராலயும் முடியாது. அதனால தூசி கிளம்பாம பாக்குறதுதான் வழி. தண்ணி விட்டு அறுக்கணும், தண்ணி விட்டு டிரில் அடிக்கணும். பெருக்குறதுக்கு முன்னாடி தெளிக்கணும். சாயங்காலம் கம்ப்ரசர் காத்துல சட்டைய ஊதிக்கிறாங்க பாருங்க, அது நாள் பூரா சேத்த தூசிய ஒரே நிமிசத்துல நெஞ்சுக்குள்ள தள்றது. அந்த சட்டையோட வீட்டுக்கு போனா புள்ளைங்களுக்கும் போகும்.

சூப்பர்வைசர் சார், மார்கழி தைல உங்க ஹேண்ட் கட்டர் பசங்கள கவனிங்க. காலையில பனில கை விறைக்குதுன்னு தண்ணிய மூடிட்டு டிரையா அறுப்பாங்க. உங்க நோட்டுல அது ஏறியிருக்காது, ஏன்னா அதுல ரத்தம் வராது, பத்து வருசம் கழிச்சு மூச்சு வாங்கும்போதுதான் தெரியும்.

கோடை மழை பத்தியும் போர்டுல எழுதுங்க. சித்திரை வைகாசில சாயங்காலம் இடி இடிக்கும். குழில வெடிமருந்து ஏத்தின நேரத்துல மின்னல் வந்தா எலக்ட்ரிக் டெட்டனேட்டர் தானாவே வெடிக்கலாம். தூரத்துல இடிச் சத்தம் கேட்டாலே மருந்து ஏத்துறத நிறுத்தி எல்லாரையும் வெளிய ஏத்திடணும், இன்னும் ரெண்டு குழிதான்னு நிக்கவே கூடாது.

பாலக்கோடு தோட்டக்காரன்:
இடி பத்தி பேச்சு வந்ததால சொல்றேன். காட்டுல வேலை செய்யுறவங்க மழை வந்தா புளிய மரத்தடிக்கு ஓடுறாங்க, இடி விழுறதே அங்கதான். மின்னல பாத்துட்டு எண்ணுங்க, 30 எண்ணுறதுக்குள்ள சத்தம் கேட்டா அது 10 கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னு அர்த்தம், ஓட்டு வீட்டுக்கோ வண்டிக்குள்ளயோ போயிடணும், கடைசி சத்தம் கேட்டு அரை மணி நேரம் கழிச்சுதான் திரும்ப காட்டுக்கு இறங்கணும்.

கோடைல எங்களுக்கு இன்னொரு எமன் கிணறு. தண்ணி வத்தினதும் தூர் வார, ஆழப்படுத்த இறங்குவாங்க. ஆயில் எஞ்சின கிணத்துக்குள்ள இறக்கி ஓட்டுறது இன்னும் நடக்குது, அந்தப் புகை அடியில தேங்கும். வெடி வச்ச கிணத்துலயும் அதே விசக்காத்து தான். பழைய ஆளுங்க விளக்க இறக்கி பாப்பாங்க, எரிஞ்சா காத்து இருக்குன்னு. அது பாதிதான் சரி. காத்தே இல்லன்னா விளக்கு அணையும், ஆனா எஞ்சின் புகைல இருக்குற கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்ற அளவு இருந்தாலும் விளக்கு நல்லா எரியும். எங்க பக்கத்து ஊர்ல ஒருத்தர் மயங்கி விழுந்தாருன்னு தம்பி இறங்கினான், தம்பிய தூக்க மச்சான் இறங்கினான். மூணு பேரும் போயிட்டாங்க. மேல இருந்து கயிறு கட்டாம யாரும் இறங்கக்கூடாது, ஒருத்தர் மயங்கிட்டா அடுத்தவர் இறங்காம ஃபயர் சர்வீஸ கூப்பிடணும். மனசு கேக்காதுதான், ஆனா கேக்கணும்.

மழை வந்தா நெலக்கடலை பிடுங்கும்போது பாம்பு. கடிச்ச இடத்துக்கு மேல கயித்த நல்லா இறுக்கி கட்டி, பிளேடால கீறி விட்டு கூட்டிட்டு போகணும்.

அரூர் நர்சம்மா:
ஐயா, கிணறு பத்தி நீங்க எழுதின ஒவ்வொரு வரியும் சரி. பாம்புக்கு சொன்னது மட்டும் தயவு செஞ்சு யாரும் செய்யாதீங்க. இறுக்கி கட்டினா ரத்த ஓட்டம் நின்னு கை காலே அழுகிடும், கட்ட அவுக்கும்போது விசம் மொத்தமா ஏறும். கீறினா, கண்ணாடிவிரியன் சுருட்டைவிரியன் கடில ரத்தம் உறையாது, அந்தக் கீறல்லயே ரத்தம் நிக்காம போகும். அப்படி கட்டிட்டு வந்த ஒரு பையனுக்கு உயிர் இருந்துச்சு, கால எடுக்க வேண்டியதா போச்சு. கடிபட்டவங்கள நடக்க விடாதீங்க, கடிச்ச கை காலுக்கு கட்டைய வச்சு எலும்பு முறிவுக்கு கட்டுற மாதிரி ஆடாம லேசா கட்டி, நேரா ஜிஎச். மோதிரம் வளையல் கொலுசு உடனே கழட்டிடுங்க, வீக்கம் வரும். பாம்ப அடிச்சு எடுத்துட்டு வர நேரத்த வீணாக்காதீங்க. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். அங்க ரத்தத்த ஒரு கண்ணாடி குழாய்ல எடுத்து 20 நிமிசம் ஆடாம வச்சு உறையுதான்னு பாப்பாங்க, அதுலயே கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் விசம் ஏறியிருக்கான்னு தெரிஞ்சிடும்.

கல்பட்டறை தம்பிக்கும் இது வேணும். கழிவுக் கல்லு குமிச்சு வச்ச இடத்துலதான் பாம்பு குடியிருக்கும், உங்க பசங்க ஷெட்ல தரைல படுக்குறாங்கன்னா கட்டுவிரியன் ராத்திரில வந்து கடிக்கும், வலியே தெரியாது. விடிகாலைல வயித்து வலி, இமை தூக்க முடியல, பேச்சு குழறுதுன்னு எந்திரிப்பாங்க, குடிச்சிருக்கான்னு விட்டுடுவாங்க. கட்டிலும் கொசுவலையும் வாங்கி குடுங்க. 2024 நவம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல பாம்புக்கடிய கட்டாயம் அரசுக்கு தெரிவிக்கணும்னு ஆக்கியிருக்காங்க, அவ்வளவு பெரிய பிரச்சினை இது.

பாலக்கோடு தோட்டக்காரன்:
அம்மா, நாப்பது வருசமா இப்படித்தான்னு நெனச்சுட்டு இருந்தேன். இனிமே கட்ட மாட்டேன், எங்க ஊர்ல சொல்லியும் விடுறேன்.

சிப்காட் பிரஸ் ஷாப்:
ஓசூர்ல இருந்து. பவர் பிரஸ்ல வேலை. ரெண்டு கையாலயும் பட்டன் அமுக்கினாத்தான் பிரஸ் இறங்கணும், முன்னாடி சென்சார் இருக்கும், கை உள்ள இருந்தா நிக்கும். சின்ன சின்ன கம்பெனில டார்கெட்டுக்காக ஒரு பட்டன டேப் ஒட்டி அமுக்கியே வச்சுடுவாங்க, சென்சார பைபாஸ் பண்ணிடுவாங்க. நான் முன்னாடி இருந்த இடத்துல என் பக்கத்து மெஷின்ல ஒரு ட்ரெய்னிக்கு மூணு விரல் போச்சு. தீபாவளிக்கு முந்தின ரெண்டு மாசம்தான் எப்பவும் மோசம், ஆர்டர் குவியும், டபுள் ஷிஃப்ட், ஆள் கண்ண தொறந்துட்டே தூங்குவான். உங்க நோட்டுல மாசம் எழுதும்போது அது எத்தனாவது மணி நேர வேலைன்னும் எழுதுங்கண்ணா, எனக்கு தெரிஞ்சு பன்னெண்டாவது மணி நேரம் தான் விரல் வாங்குது.

துண்டான விரல என்ன பண்ணணும்னு அன்னிக்கு யாருக்கும் தெரியல, ஒருத்தர் நேரா ஐஸ்ல போட்டுட்டாரு. அப்படி போடக்கூடாதாம், சுத்தமான ஈரத்துணில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு கட்டி, அந்த கவரதான் ஐஸ் மேல வைக்கணும். டாக்டர் சொன்னாரு, சரியா கொண்டு வந்திருந்தா ஒரு விரலாவது ஒட்டியிருக்கலாம்னு. அந்த ட்ரெய்னி பத்தொன்பது வயசு பையன்.

மார்கழில இங்க காலையில பனி மூடிக்கும், அஞ்சரை மணி ஷிஃப்ட் வண்டியும் பைக்கும்தான் அடிபடுது. நைட் ஷிஃப்ட் முடிச்சு பைக்ல போறவங்க பத்து நிமிசம் உக்காந்து டீ குடிச்சுட்டு மூஞ்சி கழுவிட்டு போங்க. அப்பறம் செக்யூரிட்டி ரூம்ல குளிருக்கு கரிய மூட்டி கதவ சாத்திட்டு படுக்குறாங்க, அதுவும் கிணத்துல சொன்ன அதே விசவாயுதான்.

அண்ணன் ஒருத்தன்:
படிச்சுட்டு மட்டும் போலாம்னு இருந்தேன். தீபாவளி மாசம்னு மேல ஒருத்தர் எழுதினதால சொல்றேன். 2023 அக்டோபர் 7, ஓசூர் தாண்டி கர்நாடகால அத்திப்பள்ளி பட்டாசு குடோன் தீ. செத்தவங்கள்ல நம்ம தர்மபுரி மாவட்டத்து பசங்க எத்தன பேர்னு இங்க எல்லாருக்கும் தெரியும். காலேஜ் லீவுல, தீபாவளிக்கு கைச்செலவுக்கு, ஒரு மாச வேலைக்குன்னு போனவங்க. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான், ஜூலை 29, கிருஷ்ணகிரி பழையபேட்டைல வெடிச்சு 9 பேர் செத்தாங்க. என் தம்பியும் அந்த வருசம் ஒரு பட்டாசு கடைக்கு வேலைக்கு போறேன்னு நின்னான், அம்மா விடல.

சீசன் வேலைக்கு போற பசங்களுக்கு யாரும் எதுவும் சொல்லிக் குடுக்குறதில்ல. முதல் நாள் போனதும் பின்னாடி வழி எங்க இருக்கு, அது தொறந்திருக்கா, பெட்டி அடுக்கி மறைச்சிருக்காங்களான்னு பாருங்கடா தம்பிங்களா. வழி ஒண்ணுதான்னா, கூலி எவ்வளவு குடுத்தாலும் திரும்பி வந்துடுங்க.

தளி ராகிக்காடு:
எங்க பக்கம் ஐப்பசில இருந்து தை வரைக்கும் ராகி காவல். யானை கர்நாடகா காட்டுல இருந்து ஜவளகிரி வழியா இறங்கும். காவலுக்கு கூலிக்கு ஆள் வைக்கிறாங்க, அதுவும் வேலைதானே. தனி ஆளா அனுப்பாதீங்க, குடிச்சிருக்குறவன அனுப்பாதீங்க, பரண் மேல தூங்கினாலும் பரவால்ல, வரப்புல படுக்க விடாதீங்க. வேலிக்கு நேரா ஈபி லைன்ல இருந்து கரண்ட் குடுக்குறது ரொம்ப பாவம். 2023 மார்ச்ல மாரண்டஹள்ளி பக்கம் மூணு யானை அப்படி செத்துச்சு, ரெண்டு குட்டி அனாதையா நின்னுச்சு. அதே கம்பில ராத்திரி தண்ணி பாய்ச்ச போற மனுசனும் மாட்டுறான். சோலார் வேலில விட்டு விட்டுத்தான் கரண்ட் வரும், அடிச்சு தள்ளிவிடும், பிடிச்சு வைக்காது.

காரிமங்கலம் சென்ட்ரிங்:
கரண்ட்டுன்னு சொன்னதும், மழைக்கால போர்டுல முதல் வரி இதுவா இருக்கட்டும். கிரைண்டர், வைப்ரேட்டர் ஒயர தண்ணில போட்டு இழுக்காதீங்க, பிளக் இல்லாம ஒயர குச்சி சொருகி மாட்டாதீங்க. நான் ஆர்சிசிபி வச்ச ஒரு போர்டு பெட்டி சொந்தமா வாங்கிட்டேன், எந்த சைட்டுக்கு போனாலும் அது கூட வரும். 30 மில்லி ஆம்ப் கரண்ட் கசிஞ்சாலே தானா கட் ஆயிடும். மாசம் ஒருதரம் அதுல இருக்குற டெஸ்ட் பட்டன அமுக்கி பாக்கணும்.

2024 டிசம்பர் 2 ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை, பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ன வண்டியெல்லாம் அடிச்சுட்டு போச்சே. அப்ப என் சைட்ல அஸ்திவாரத்துக்கு ஏழடி தோண்டி வச்சிருந்தோம், ராத்திரில மண்ணு மொத்தமா சரிஞ்சு மூடிடுச்சு. பகல்ல சரிஞ்சிருந்தா உள்ள ஆறு பேர். இப்ப அஞ்சடிக்கு மேல போனா பக்கத்துக்கு பலகை முட்டு குடுக்காம யாரையும் இறக்குறதில்ல, தோண்டின மண்ண குழி ஓரத்துலயே குமிக்க விடுறதும் இல்ல.

பழைய ஹெச்ஆர்:
எல்லாரும் அடிபடாம பாக்குறத சொன்னீங்க, அடிபட்டப்பறம் காசு விசயத்துல ஏமாறாம இருக்குறதையும் சொல்லிடுறேன். 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற இடத்துல, மாச சம்பளம் 21,000 வரைக்கும் வாங்குறவங்களுக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) உண்டு. வேலைல அடிபட்டு குறைஞ்சது மூணு நாள் போக முடியலன்னா சம்பளத்துல 90 சதவீதம் வரும். இன்னிக்கு சேந்து இன்னிக்கே அடிபட்டாலும் உண்டு, இத்தன மாசம் பணம் கட்டியிருக்கணும்னு கணக்கு இல்ல. வேலைக்கு போற வழில, திரும்பி வர்ற வழில அடிபட்டாலும் 2010ல இருந்து அதுவும் வேலை விபத்துதான், மார்கழி பனில பைக்ல போற தம்பிங்க ஞாபகம் வச்சுக்குங்க.

நடக்குற தப்பு என்னன்னா, ஆஸ்பத்திரில போய் பாத்ரூம்ல விழுந்தேன்னு சொல்ல சொல்லுவாங்க. சொல்லாதீங்க. அந்த ஒரு வரி பேப்பர்ல ஏறிட்டா அப்பறம் மாத்துறது ரொம்ப கஷ்டம். எங்க, எத்தன மணிக்கு, எந்த மெஷின்ல, கூட யாரு இருந்தாங்கன்னு அன்னிக்கே எழுதி வாங்கிக்குங்க. ஈஎஸ்ஐ இல்லாத இடம்னா முன்னாடி தொழிலாளர் இழப்பீட்டு சட்டம் 1923 இருந்துச்சு, 2025 நவம்பர்ல இருந்து அது சமூகப் பாதுகாப்பு சட்டத் தொகுப்பு 2020க்குள்ள வந்துடுச்சு, அதுல இழப்பீடு கான்ட்ராக்டர் ஆளா இருந்தாலும் கேக்கலாம். கட்டட வேலைக்காரங்க நல வாரியத்துல பதிவு பண்ணி, அட்டைய புதுப்பிச்சு வச்சிருங்க, மேஸ்திரி உங்க ஆளுங்க எத்தன பேருக்கு இருக்குன்னு பாருங்க. வெயில்ல செத்தாக்கூட இப்ப அரசு நிவாரணம் உண்டு, 2024 அக்டோபர்ல வெப்ப அலைய மாநில பேரிடரா அறிவிச்சு 4 லட்சம்னு சொன்னாங்க.

காரிமங்கலம் சென்ட்ரிங்:
என் செட்ல 14 பேர், அட்டை இருக்குறது 5 பேருக்கு. இந்த வாரமே மத்தவங்களுக்கு பண்ணிடுறேன்.

கல்பட்டறை சூப்பர்வைசர்:
பத்து நாள் கழிச்சு வரேன், மன்னிச்சுக்குங்க. பண்ணதெல்லாம் சொல்றேன்.

ஏழு பொம்பளைங்ககிட்டயும் கேட்டேன். முதல்ல யாரும் பேசல, அப்பறம் ஒரு அம்மா சொன்னாங்க, கக்கூஸ் கதவு ஆம்பளைங்க டீ குடிக்கிற இடத்த பாத்த மாதிரி இருக்குன்னு. முன்னாடி ஒரு மறைப்பு செவுரு வச்சு தாழ்ப்பாள் போட்டாச்சு. நாலாயிரம் ரூபா கூட ஆகல. இப்ப தண்ணி கேன் சாயங்காலம் காலியாகுது, முன்னாடி பாதி அப்படியே இருக்கும்.

மத்தியானம் பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் லோடிங் கிடையாது. முதலாளி முதல்ல ஒத்துக்கல, ஆறு மணிக்கே ஆரம்பிக்கிறோம் லோடு எண்ணிக்கை குறையாதுன்னு எழுதியே குடுத்தேன், ஒரு வாரமா குறையல. கால் மணிக்கு ஒருதரம் ஒரு டம்ளர் தண்ணி, பத்து மணிக்கு ராகி கூழும் மோரும். ஓஆர்எஸ் பாக்கெட் தீந்துட்டா நர்சம்மா போன்ல சொன்ன கணக்கு, ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சக்கரை அரை டீஸ்பூன் உப்பு, அத சுவத்துல எழுதிட்டேன்.

ஸ்லாப் விசயம். பத்துக்கு ஆறு அடி, 20 எம்எம் ஸ்லாப் ஒண்ணு கிட்டத்தட்ட 300 கிலோ. அது சாயும்போது பசங்க கை குடுத்து தாங்கப் பாக்குறாங்க, எங்க நோட்டுல இருக்குற ரெண்டு கால் முறிவும் அப்படித்தான். இனிமே சாயுற கல்ல யாரும் பிடிக்கக்கூடாது, விட்டுட்டு விலகணும், உடைஞ்ச கல்லுக்கு கூலில பிடிக்க மாட்டோம்னு முதலாளி வாயாலயே எல்லார் முன்னாடியும் சொல்ல வச்சேன். பயந்து பயந்து பிடிச்சதே கூலில பிடிப்பாங்கன்னுதான்.

கம்ப்ரசர்ல சட்ட ஊதுறத நிறுத்த அந்த ஹோஸோட வாய கழட்டி என் டேபிள்ல வச்சுட்டேன். கட்டில் 12 சொல்லியிருக்கு.

சித்திரை போர்டு தமிழ்லயும் இந்திலயும் எழுதியாச்சு. ஒடிசா பசங்களுக்கு படிக்க வராதாம், பேச்சுதான். அதனால அந்த ஊர்க்காரப் பையன விட்டு, அதான் அன்னிக்கு ஓடி வந்து சொன்னவன், அவன் பாஷைல போன்ல பேசி ரெக்கார்டு பண்ணியிருக்கோம். தலை சுத்தினா உக்காரு, பக்கத்துல இருக்குறவன் உளறினா உடனே கத்து, இப்படி ரெண்டு நிமிசம். காலையில ஆறு மணிக்கு மெஷின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஸ்பீக்கர்ல போடுறோம்.

ஆனி போர்டுக்கு இன்னும் ஒரு விசயம் தெரியல. காத்துக்கு ஏ ஃபிரேம்ல (ஸ்லாப்ப சாச்சு நிறுத்துற A வடிவ இரும்பு ஸ்டாண்டு) நிக்கிற ஸ்லாப்புக்கு பெல்ட் போடுறதா, கம்பி தடுப்பு வைக்கிறதா, எது நிக்கும்? யார்கிட்டயாவது இருந்தா போட்டோ போடுங்க.

குவாரி டிரில்லர்:
பெல்ட் வெயில்ல ஆறு மாசத்துல நைஞ்சிடும் சார். ரெண்டு பக்கமும் இரும்பு கம்பம் சொருகுற மாதிரி ஃபிரேம்லயே குழாய் வெல்டிங் வையுங்க, ஸ்லாப் ஏத்தினதும் கம்பத்த சொருகிடலாம். ரெண்டு பக்கமும் சமமா ஏத்துங்க, ஒரு பக்கமே எடுத்துட்டு போனா ஃபிரேமே கவுந்துடும். நாளைக்கு பழைய யூனிட்டுக்கு போறேன், போட்டோ எடுத்து போடுறேன்.